பாலே ஃபாரத்தில் எழுதிய இனிஷியல்

ஃபாரத்தை நிரப்பியது நான்தான். அம்மா இல்லை, டான்ஸ் மேடம் இல்லை. குப்பத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மரத்தரை போடுகிற வேலை செய்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பொத்தேரிப் பக்கம் ஜிம், ஆபீஸ் என்று மேஸ்திரி எங்கே கூப்பிட்டாலும் போவேன். எங்கள் குப்பம் முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில், ரோட்டுக்குக் கிழக்கே. போன கோடையில் ரோட்டுக்கு மேற்கே ஒரு மாடியில் வேலை வந்தது. பாலே சொல்லிக்கொடுக்கிற பள்ளி வரப்போகிறது என்றார்கள். பாலே என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரியைக் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைங்க கட்ட வெரல்ல நின்னு ஆடுமே, அது. வெள்ளக்காரங்க ஆட்டம்" என்றார்.

அந்தத் தரை மற்ற தரை மாதிரி இல்லை. அடியில் ரப்பர் துண்டுகள், அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் சட்டம், அதற்கும் மேல் பிளைவுட். போட்டு முடித்ததும் மேடம் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியாக, கழுத்து நீளமாக. செருப்பைக் கழற்றிவிட்டு அறை முழுக்க அங்கங்கே குதித்துப் பார்த்தார். ஒரு மூலையில் நின்று, "இங்க சத்தம் கெட்டியா வருது. இங்க குதிச்சா குழந்தைக்கு முட்டி போயிடும். பிரிச்சுப் போடுங்க" என்றார்.

அவர் போனதும் மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருசமா தரை ஆடக்கூடாதுனு போட்டுகினு கீறேன். இந்தம்மா மெத்த கேக்குது."

பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அக்கா வந்தாள். எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டில் துணி துவைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. மத்தியான ஷிஃப்டுக்குப் போகும்போது டிபன்பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பாப்பாவும் கூட வந்திருந்தாள். பாப்பா அக்காவுடைய ஒரே பெண், ஏழு வயது.

மேடம் சுவர்க் கண்ணாடி முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பாப்பா அதே மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினாள். மேடம் கண்ணாடியிலேயே அதைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து உட்கார்ந்து, பாப்பாவின் காலைக் கையில் எடுத்து, விரலை வளைத்துப் பார்த்தார்.

"இந்தப் பாதத்தைப் பாருங்க" என்றார் அக்காவிடம்.

அக்கா பயந்துவிட்டாள். "கழுவிட்டுத்தான் மேடம் வந்தா. வழில மண்ணு."

"அழுக்கைச் சொல்லலம்மா. வளைவைச் சொல்றேன். ஜூன்ல கிளாஸ் ஆரம்பிக்கிறோம். கூட்டிட்டு வாங்க. ஃபீஸை நினைச்சு வராம இருந்துடாதீங்க. உங்க தம்பி அப்பப்ப வந்து தரையைப் பார்த்துக் குடுத்தா எனக்குப் போதும்."

அக்கா அன்றைக்கு ஷிஃப்டுக்கு அரை மணி லேட்டாகப் போனாள். அதற்குப் பிறகு குப்பத்தில் அவள் சொல்லாத ஆள் இல்லை. தண்ணிக் குழாயில் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்:

"பரதம் கத்துகினா கோயில்ல ஆடலாம். இத்த கத்துகினு எங்கடி ஆடப்போவுது உம் பொண்ணு? மீன் ஏலம் வுடுற எடத்துலயா?"

"உன் வூட்டு வாசல்லதான் ஆட வுடுவேன். நீ வேணும்னா கதவ சாத்திக்கோ" என்றாள் அக்கா.

வீட்டுக்குள் வந்து என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். "தம்பி, நானு எவன் எவனோ படுத்த பெட்ஷீட்ட தோச்சிகினு கீறேன். இவ அந்தக் கண்ணாடி முன்னாடி நிக்கட்டும்டா. ஆடறாளோ இல்லியோ, நிக்கட்டும்."

கிளாஸ் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். பஸ்ஸுக்கு முன்பக்கமாக ரோட்டைக் கடந்தாள். அங்கேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் கடப்பாக்கத்தில் மீன்பிடிக்கிறவர். நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான். அவர்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. மாமியாரோடு அக்காவுக்கு ஒத்துவரவில்லை, ரிசார்ட் வேலையை விடவும் மனசில்லை. அதனால் இரண்டு வருஷமாகப் பாப்பாவோடு எங்கள் வீட்டில் இருந்தாள். மச்சான் வாரத்துக்கு ஒரு தரம் வருவார். வராத வாரமும் உண்டு. அக்கா செத்த அன்றைக்கு அவர் கடலில் இருந்தார். நான் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் "புருசன் எங்க?" என்று என்னைத்தான் கேட்டார்கள். மறுநாள் மத்தியானம், இனிமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்ன பிறகு, வந்து சேர்ந்தார். என்ன ஆச்சு என்று அவரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த அன்று, "வருச திதி வரைக்கும் புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும். அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாக்கம் போனார்.

பாப்பா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். அம்மாவுக்கும் எனக்கும் அவளிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள், "மாமா, கண்ணாடி ரூம் தொறந்துட்டாங்களா?"

அன்றைக்குக் காலையில்தான் ரேஷன் கார்டிலிருந்து அக்கா பேரை எடுத்துவிட்டு வந்திருந்தேன். டெத் சர்டிஃபிகேட்டைக் கொடுத்தேன், கம்ப்யூட்டரில் இருந்த பெண் இரண்டு தட்டுத் தட்டினாள். "ஆயிடுச்சு, அடுத்த ஆளு" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 'ஆயிடுச்சு' காதிலேயே இருந்தது.

பாப்பாவைச் சேர்க்கப் போவது என்று முடிவு செய்தோம். குருவைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்தாள். பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். தெருவில் போகும்போது பக்கத்து வீட்டு அத்தை எங்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"பெத்தவ போயி ரெண்டு மாசம் ஆவல. ஆட்டத்துக்கு இட்டுகினு போறானுங்க. வருசம் முடியறதுக்குள்ள காலத் தூக்குனா நல்லதுக்கா?"

அம்மா நின்றாள். "எம் பொண்ணு குறிச்ச நேரம் இது. நல்லதோ கெட்டதோ, அவ குறிச்சதுதான் நடக்கும். நீ உன் வேலையப் பாரு."

பள்ளியில் மேடம் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாப்பாவைக் காலில் விழச் சொன்னாள் அம்மா. மேடம் பதறி எழுப்பினார். அக்காவைப் பற்றிச் சொன்னதும் பாப்பாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு பாப்பாவுக்கு ரோஸ் கலரில் துணி ஷூ ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பாப்பா என்னைப் பார்த்தாள். "மாமா, டான்ஸ் ஆடுற எடத்துல செருப்பு போட்டா சாமி குத்தம் இல்ல?"

"இது செருப்பு இல்ல பாப்பா, காலுக்கு சட்ட" என்றேன். சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

வெளியே மேஜையில் இருந்த பெண் ஃபாரத்தைக் கொடுத்தாள். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எழுத வரும், மெதுவாக. பாப்பா பேரை எழுதினேன். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் இருந்தது.

"இது இன்னா மேடம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"இனிஷியல். அப்பாவோடது போடலாம், இல்ல அம்மாவோடது. எதுன்னாலும் ஓகே."

அம்மாவுடையது போடலாம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன். கார்டிலிருந்து எடுத்தாயிற்று. ரிசார்ட்டில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இந்தக் கட்டத்திலாவது இருக்கட்டும் என்று அக்கா பேரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். "மாமா, ஸ்கூல்ல வேற எழுத்துதான போடுவாங்க?"

"அது படிக்கிற ஸ்கூலு. இது டான்ஸ் ஸ்கூலு."

அப்பா பேர் எழுதுகிற இடத்தை அப்படியே விட்டேன். கீழே, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பேரை எழுதி, தாய்மாமன் என்று போட்டேன். எங்களில் காது குத்துவதிலிருந்து எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான் முன்னால் நிற்கிறான். இதற்கும் அது போதும் என்று நினைத்தேன்.

அக்காவுக்காகச் செய்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி மச்சான் மேல் இருந்த கோபம்.

சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளாஸ். நான் கூட்டிக்கொண்டு போவேன். அம்மா கொண்டை போட்டுவிடுவாள். முதல் வாரம் கோயிலுக்குப் போகிற மாதிரி மல்லிப்பூவும் சுற்றி அனுப்பினாள், மேடம் மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். மற்ற பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள். பாப்பா அவர்களைப் பார்க்க மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் தன் காலையே பார்ப்பாள். வீட்டில் பத்து தரம் தன் அம்மா எங்கே என்று கேட்கிறவள், அந்த ஒரு மணி நேரம் கேட்டதே இல்லை. கிளாஸ் இருக்கிற நாள்களில் சோறு சாப்பிட்டாள், இரண்டாம் தரமும் கேட்டாள். அம்மா அதைப் பார்த்து அடுப்படிப் பக்கம் போய் அழுதாள்.

மூன்றாவது மாதம் எல்லாருக்கும் போட்டோ ஒட்டி, இனிஷியலோடு பேர் போட்ட அட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. பாப்பா அதை மாட்டிக்கொண்டு தூங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். கையில் ஒரு பை நிறைய நண்டு. பாப்பா ஓடிப்போய் அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நைனா, பாத்தியா! கார்டு குடுத்துட்டாங்க!"

மச்சான் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "இன்னா இது, கல்யாணப் பொண்ணு கணக்கா கொண்டை" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். அவர் அஞ்சாவது வரைதான் படித்தவர். ஆனால் அவர் எழுத்து அவருக்குத் தெரியும். கடப்பாக்கத்தில் அவர் வலையில் இருக்கிற மிதவை ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தைச் சூடு வைத்துப் போட்டிருப்பார். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். வலை அறுந்து மிதவை எந்தக் கரையில் ஒதுங்கினாலும், எழுத்தைப் பார்த்து ஆளைத் தேடிக் கொடுத்துவிடுவார்கள்.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்துதான் கேட்டார்.

"என் எழுத்து எங்க மச்சான்?"

நான் தண்ணிச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மெதவைல ஒருத்தன் எழுத்த சொரண்டிட்டு இன்னொரு எழுத்து போட்டா அதுக்குப் பேரு இன்னா? நீயும் கடக்கரைல பொறந்தவன்தான. சொல்லு."

அம்மா குறுக்கே வந்தாள். "அவன் இன்னாத்தப் படிச்சான்பா. தெரியாம எழுதிட்டான். நாளைக்கே மாத்திடுவான்."

அம்மா எனக்கு வழி போட்டுக் கொடுத்தாள். 'ஆமாம், தெரியாமல்தான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருந்திருப்பாள்.

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன். "அவ செத்துக் கெடக்கும்போது நீ எங்க இருந்த? ஊரே கேட்டுச்சி, புருசன் எங்க, புருசன் எங்கனு. உன் எழுத்த வேற போடணுமா அவ பொண்ணுக்கு?"

பாப்பா அங்கேதான் நின்றாள். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

மச்சான் சத்தம் போடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார். "பாப்பா, துணி எடுத்துக்கோ. நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். வருஷ திதி வரைக்கும் என்று சொன்னீர்களே என்று அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டாள். "அப்ப நான் அப்பன்னு இருந்தேன்மா. இப்ப கார்டுல இல்லியே" என்றார். பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுத்த சனிக்கெழம வந்துடுவேன்ல நைனா?" என்றாள். மச்சான் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை நான் தனியாகப் போய் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அப்போதே மச்சான் எழுத்தைப் போட்டுப் புது அட்டை எடுத்துக் கொடுத்தார். "சீட்டை ஒரு மாசம் வச்சிருக்கேன். இன்னொரு குழந்தை வெயிட் பண்ணுது. ஆனா ஒரு மாசம் வைக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் போனேன். மச்சான் சவுக்குத் தோப்பு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்தாள், அங்கேயே மூன்றாவதில் சேர்த்துவிட்டிருந்தார். அட்டையைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா கீது" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மச்சான், தப்பு என்னுதுதான். சனி ஞாயிறு மட்டும் அனுப்பு. நானே வந்து இட்டுகினு போறேன், நானே கொண்டாந்து வுடறேன்."

"போவ ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். புள்ள பஸ்லயே வளந்துடும்."

"வெள்ளிக்கெழமை வந்து தங்கட்டும்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு கேட்டியே, எங்க இருந்தனு. எஞ்சின் நின்னுபோச்சி மச்சான். டவரும் இல்ல. ராத்திரி பூரா அலைல கெடந்தோம். காலைல இன்னொரு போட்டுக்காரன் கட்டி இழுத்தாந்தான். கரை கிட்ட வந்து போன தொறந்தா உன் மிஸ்டு காலு, வரிசையா. அப்பதான் எனக்குத் தெரியும். ஊர்ல யாரும் என்னைக் கேக்கல. நீ ஒருத்தன்தான் கேட்ட. ஆனா பதில் கேக்கறதுக்குக் கேக்கல."

நான் மண்ணில் கிடந்த நூலை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இப்ப இவளும் வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க வந்தா, அப்புறம் நாலு நாள் ஆவும். அப்புறம் இங்க வரமாட்டா. உங்க அக்காவும் அப்படித்தான் போனா. மொதல்ல ரெண்டு நாள்னுதான் போனா." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டு, "எனக்கும்தான செத்தா மச்சான்" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருந்தது?

பாப்பா நாலு மணிக்கு வந்தாள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு என் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஒரு சுற்றுக் கறுத்திருந்தாள். ஆத்தா எப்படி இருக்கிறாள், கொண்டை ஊசியை எடுத்து வைத்திருக்கிறாளா என்று என் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். தன் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு மண்ணில் இறங்கி, சவுக்கு மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகாலைச் சேர்த்து நின்றாள். முட்டியை மடக்கினாள், நிமிர்ந்தாள். காலை முன்னால் நீட்டினாள். பக்கவாட்டில் நீட்டினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இதுக்கு அப்புறம் இன்னா?"

மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல பாப்பா."

"மேடத்தக் கேட்டுட்டு வந்து சொல்றியா?"

"சொல்றேன்."

"மறக்காத." மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் வந்து நின்றாள். மச்சான் வலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆடி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நல்லா கீது பாப்பா" என்றார். வேறு என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

மாதம் முடிகிற அன்று மேடம் போன் செய்தார். நான் வேலையில் இருந்தேன், மாடிப்படியில் வந்து நின்று பேசினேன்.

"என்னப்பா முடிவு பண்ணீங்க? அவசரப்படுத்தல. இன்னும் ஒரு வாரம்கூட வைக்கிறேன்."

பாப்பா கேட்டதைக் கேட்க வாயைத் திறந்தேன். அந்தக் காலுக்கு அப்புறம் என்ன வரும் மேடம் என்று. ஆனால் சொல்லிக்கொடுத்தால் அதற்கு அப்புறம் என்ன என்று அவள் கேட்பாள். அதற்கும் அப்புறம் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். அப்பனை விட்டுவிட்டு என் போனுக்காக நிற்பாள்.

"வேணாம் மேடம். அந்தக் கொழந்தைக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

"நிச்சயமாவா?"

"குடுத்துடுங்க மேடம். அதுவும் எவ்ளோ நாளு காத்துகினு இருக்கும்."

போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். பாப்பா அந்தக் கண்ணாடி முன்னால் நிற்கட்டும் என்று அக்கா அந்த ஒன்றைத்தான் என்னிடம் கேட்டாள். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் எழுந்ததும், "இன்னிக்கு வருவாளாடா?" என்று கேட்கிறாள். இந்த வாரம் இல்லம்மா என்கிறேன்.